நாலாவது நட்டு

"லாக் நட்டு வேலையெல்லாம் நான் தொடுறதில்லைங்க. ஷோரூமுக்குக் கொண்டு போயிருங்க."

முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். கிழிந்த டியூப் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குமிழி எங்கிருந்து வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவன் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்திருந்தான். 'லாக் நட்டு' என்று மட்டும் சொன்னான், மூச்சு இரைத்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தான், வரவில்லை.

"சொன்னேன்லாங்க, நான் அந்த வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அக்கா... வீலுக்குள்ள... ஒரு புள்ளையோட கை மாட்டியிருக்குதுங்க."

டியூப் அவள் கையை விட்டு நழுவித் தண்ணீரில் மிதந்தது.

அவன் பெயர் பிரதீப். இரண்டு தெரு தள்ளி, ராயபுரத்தில் குடியிருப்பவன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த அவனுடைய காரின் முன் சக்கரத்துக்குள் பூனைக்குட்டி ஒன்று புகுந்துகொண்டது. எதிர்வீட்டு நாலு வயதுப் பெண் பூங்குழலி அதைப் பிடிக்கிறேனென்று ஸ்போக்குகளின் இடுக்கில் கையை விட்டாள். முழங்கைக்கு மேல்வரை உள்ளே போன கை, பின்னால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மடங்கிக்கொண்டது. பூனை தன்பாட்டில் ஓடிவிட்டது. கை வரவில்லை. மாட்டி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதையெல்லாம் அவன் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் முத்துப்பேச்சி மர அலமாரியின் அடித்தட்டில் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். இரும்புப் பெட்டி அங்கேதான் கிடந்தது. இரண்டு வருஷமாகத் திறக்காத பெட்டி. மூடி துருவேறி இறுகியிருந்தது. காலால் மிதித்துத் திறந்தாள்.

முத்துப்பேச்சிக்கு நாற்பத்தொரு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான மூன்றாம் மாதமே புருஷனோடு திருப்பூருக்கு வந்தவள். ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தாள். துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து டெய்லராக உயர்ந்தாள். புருஷன் குருசாமி பஞ்சர் கடை வைத்திருந்தான். ஒருநாள் லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது இரும்பு ரிங் தெறித்து அவனுடைய வலது கையை நொறுக்கிப் போட்டது. எலும்பு கூடியதே தவிர பலம் கூடவில்லை. அவன் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். கடையைப் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. முதல் வருஷம் முழுக்க, வண்டியோடு வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆள் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "நாந்தாங்க ஆளு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போனது.

அலாய் சக்கரங்கள் களவு போகாமலிருக்க, நாலு நட்டில் ஒன்றை மட்டும் உருண்டையாக, வழுவழுவென்று செய்து மாட்டியிருப்பார்கள். அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது இல்லாவிட்டால் எந்த ஸ்பேனரும் அந்த நட்டைப் பிடிக்காது. செகண்ட்ஸில் கைமாறுகிற வண்டிகளில் பாதிக்கு அந்தச் சாவி கூட வருவதில்லை. பஞ்சரான பிறகுதான் அப்படியொரு சாவி உண்டென்பதே பலருக்குத் தெரியும். முத்துப்பேச்சி அதற்கொரு வழி பழகி வைத்திருந்தாள். நட்டைவிட ஒரு பொடி சின்னதான சாக்கெட்டை, அதாவது நட்டின் தலையில் தொப்பிபோல் உட்காரும் இரும்புக் குப்பியை, அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்து ஏற்றுவாள். சாக்கெட்டின் பற்கள் நட்டின் உடம்பில் கடித்துக்கொள்ளும். அப்புறம் கம்பி போட்டுத் திருகினால் வந்துவிடும். கேட்க எளிதாக இருக்கும். எந்த நட்டுக்கு எந்த சாக்கெட், எத்தனை அடி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். அவிநாசியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும்கூட அவளைத் தேடி வந்தார்கள்.

அந்தப் பேரே அவளுக்கு வினையானது. ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் நின்றிருந்த மூன்று கார்களின் சக்கரங்கள் காணாமல் போயின. லாக் நட்டுகளை யாரோ பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள். இந்த ஊரில் இந்த வேலை யாருக்குத் தெரியும் என்று விசாரித்த போலீஸ்காரர்கள் நேராக அவள் கடைக்கு வந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவள் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்தாள். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். கேஸ் எதுவும் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவுடன் சாக்கெட்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளினாள். 

இப்போது அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிரதீப்பின் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நாலு கிலோ சுத்தியல், தோளில் நீளக் குழாய். முதலில் முடியாதென்று சொன்னாளே, அதில் போன அரை நிமிஷம் அவளை அரித்தது.

தெருவை அடைக்கிற மாதிரி கூட்டம். ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பங்குனி வெயிலில் சக்கரம் சுட்டுவிடாமலிருக்க ஒருவர் குடை பிடித்திருந்தார். பெண்ணின் தாய் தமிழ்மதி தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மடியோடு அணைத்துச் சக்கரத்தை ஒட்டிப் பிடித்திருந்தாள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு என்று கண்டதையெல்லாம் ஊற்றியிருந்ததில் தார் வழுக்கியது. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போய், இப்போது விக்கிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. அதில் வந்த டேனியல் என்ற டெக்னீஷியன் மண்டியிட்டு, ஸ்போக்கின் அடுத்த இடுக்கு வழியாக இரண்டு விரலை விட்டுப் பிள்ளையின் நகத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபயர் சர்வீஸ் என்னாச்சு?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"சொல்லியாச்சுங்க. எங்கியோ வேஸ்ட் குடோன்ல தீயாம். வண்டி அங்கிருந்து கிளம்பி வரணும். எப்படியும் நாப்பது நிமிஷம் ஆகும்ங்கறாங்க" என்றான் டேனியல்.

"அதுவரைக்கும் தாங்குமா?"

டேனியல் தலையை அசைத்துவிட்டு, தாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். "வீங்கிட்டே போகுது. நகத்த அமுக்கினா ரத்தம் திரும்பி வர்றதே தெரியல. நாப்பது நிமிஷமெல்லாம் இல்லீங்க."

"ஸ்போக்க அறுத்துட்டா?" என்றார் குடைக்காரர்.

"தீப்பொறி புள்ள மேல கொட்டும். சூடும் ஏறும்" என்று சொல்லிக்கொண்டே அவள் சக்கரத்தைப் பார்த்தாள். 

மூன்று நட்டுகளும் கழற்றப்பட்டுப் பக்கத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நாலாவது மட்டும், அந்த உருண்டை நட்டு, சக்கரத்தின் பிடியையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு இறுகி நின்றது.

"யார் கழட்டினது?"

"நான்தானுங்க" என்றான் பிரதீப். "உங்களக் கூப்பிட வர்றதுக்கு முன்னாடி முடிஞ்ச வேலைய முடிச்சு வெப்போம்னு..."

அவள் மூன்று நட்டையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கையால் திருகி ஏற்றினாள். பிறகு ஸ்பேனரைப் போட்டு, சக்கரம் அதிராமல், மெதுமெதுவாக இறுக்கத் தொடங்கினாள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூட்டம் கொந்தளித்தது.

"ஏனுங்க்கா, கழட்டச் சொல்லிக் கூப்பிட்டா இறுக்கறீங்க?"

"இந்தம்மாளுக்கு வேலை தெரியுமா தெரியாதா? வேற யாரையாச்சும் கூப்பிடுங்கப்பா!"

பின்னாலிருந்து ஒருவன் ஸ்பேனரைப் பிடித்து இழுத்தான். முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷத் திருப்பூர்ப் பேச்சு அவள் நாக்கிலிருந்து கழன்று விழுந்தது.

"கைய எடுல. மூணையும் கழட்டிட்டா மொத்தப் பிடியும் இந்த ஒத்த நட்டு மேலதான் நிக்கும். எந்த சாக்கெட்டு போட்டாலும் வழுக்கும். மூணையும் இறுக்கினாத்தான் இதுக்குப் பிடி குறையும். தெரிஞ்சா நீ வந்து செய்யி. தெரியலன்னா தள்ளி நில்லு."

அவன் கையை எடுத்துவிட்டான்.

மூன்று நட்டும் முட்டுகிறவரை இறுக்கினாள். ஒவ்வொரு திருகலுக்கும் பிள்ளையின் விக்கல் நின்று நின்று வந்தது. அடுத்து பிரதீப்பைக் காருக்குள் ஏறச் சொன்னாள்.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருங்க. நான் சொல்லுத வரைக்கும் கால எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா சக்கரம் சுத்தும். சுத்துனா..."

அவன் ஏறி உட்கார்ந்து இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

ஒரு வீட்டிலிருந்து ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட் துணி வந்தது. டேனியலும் அவளுமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலால் தள்ளி, பிள்ளையின் கைக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருந்த சந்துகளில் திணித்தார்கள். அடிக்கிற அடி இரும்பு வழியாகத்தான் போகும். கைக்குப் போகிற பங்கையாவது குறைக்க வேண்டும். சின்னச் சின்னதாகத் தட்டினால் வலிக்காதென்றுதான் யாருக்கும் தோன்றும். முத்துப்பேச்சிக்குத் தெரியும், அப்படித் தட்டினால் நாற்பது தட்டு தட்ட வேண்டும், அப்போதும் சாக்கெட் ஏறாது. கனத்த சுத்தியலால் நாலைந்து அடி. அதோடு முடிய வேண்டும்.

பெட்டியைக் கிளறி ஒரு சாக்கெட்டை எடுத்து நட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருக்கும்போல் பட்டது.

"தாயி, பிள்ளை மூஞ்சிய உன் பக்கமாத் திருப்பிக்கோ."

ஓங்கி அடித்தாள்.

அதுவரை விக்கிக்கொண்டிருந்த பூங்குழலி அலறினாள். அந்த அலறலில் குடை ஆடியது. முத்துப்பேச்சி இரண்டாவது அடியும் அடித்துவிட்டுக் கம்பியைப் போட்டுத் திருகினாள். சாக்கெட் ஒரு சுற்று வெறுமனே சுற்றிவிட்டுக் கையோடு வந்துவிட்டது. பெரிய அளவு. இரண்டு வருஷத்தில் கைக்கு அளவு மறந்து போயிருந்தது. பிள்ளைக்கு விழுந்த இரண்டு அடியும் வீண்.

கூட்டத்தில் யாரோ, "போச்சு" என்றார்கள். உள்ளங்கை வியர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முத்துப்பேச்சி பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். சாக்கெட்டுகள் உருண்டன. ஒவ்வொன்றின் வாயிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். மூன்றாவதாக எடுத்ததை நட்டின்மேல் வைத்தபோது அது உட்காரவில்லை, விளிம்பில் ஏறி நின்றது. இதுதான். ஆனால் இதை ஏற்ற முன்னதைவிட பலமாக அடிக்க வேண்டும்.

சுத்தியலை ஓங்கியபோது தமிழ்மதி அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க்கா. வேண்டாங்க்கா. எம்புள்ள தாங்காது. ஃபயர் சர்வீஸே வரட்டும்."

அவளுடைய நகங்கள் முத்துப்பேச்சியின் தோலில் இறங்கின. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இழுத்து விடுவித்துக்கொண்டு அடித்திருக்கலாம். பலம் இருந்தது. முத்துப்பேச்சி இழுக்கவில்லை.

"விரலப் பாரு, தாயி" என்று மட்டும் சொன்னாள்.

தமிழ்மதி குனிந்து ஸ்போக் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஐந்து விரலும் நாவல்பழ நிறத்தில் உப்பியிருந்தன. அவள் வெகுநேரம் பார்க்கவில்லை. மணிக்கட்டை விட்டாள். பிள்ளையின் ஒரு காதைத் தன் மார்போடு அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"அடிங்க" என்றாள்.

ஒன்று. சாக்கெட் நூலளவு இறங்கியது. இரண்டு. பிள்ளையின் குரல் கிழிந்தது. மூன்று. நாலாவது அடிக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அலறலைவிட அந்த அமைதிதான் பயங்கரமாக இருந்தது. முத்துப்பேச்சியின் சுத்தியல் பாதியில் நின்றது.

"மூச்சு இருக்கு. மயங்கிருச்சு. நீங்க பாருங்க!" என்று கத்தினான் டேனியல்.

ஐந்தாவது அடியில் சத்தம் மாறியது. டங்கென்று ஒலித்தது டொக்கென்று கனத்தது. சாக்கெட் கடித்துவிட்டது.

கம்பியை மாட்டி, அதன்மேல் குழாயைச் செருகினாள். இனி வேகம் கூடாது. வழுக்கினால் நட்டு மழுங்கிவிடும், அப்புறம் எந்த சாக்கெட்டுக்கும் பிடிபடாது. குழாயின் நுனியில் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சாய்ந்தாள். கார் முனகியது.

"பிரேக்கு!"

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்!" பிரதீப்பின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிரேக்கின்மேல் எழும்பி நிற்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது.

முழு உடம்பையும் குழாயில் போட்டாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்போது டக்கென்று ஒரு சத்தம். நட்டு இளகியதா, போல்ட் முறிந்ததா, சாக்கெட் வழுக்கியதா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. குழாயை மெல்ல இன்னொரு விரற்கடை நகர்த்தினாள். கனமாக, ஆனால் ஒழுங்காக, நட்டு கூடவே சுற்றி வந்தது.

யாரோ கைதட்டினார்கள். "இன்னும் முடியல!" என்று அதட்டினாள்.

மற்ற மூன்றையும் கையால் திருகுகிற அளவுக்குத் தளர்த்திவிட்டு ஜாக்கியை வைத்தாள். ஸ்டெப்னியைக் காருக்கடியில் படுக்கப் போடச் சொன்னாள். ஜாக்கி வழுக்கினாலும் கார் அதன்மேல் உட்காரும். வண்டி மேலே ஏற ஏற, டேனியல் பிள்ளையின் தோளை அதே அளவுக்கு உயர்த்தினான். டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்பியதும் நிறுத்தினாள். நட்டுகள் நாலும் வந்தன. சக்கரத்தை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

"இழுக்காதீங்க. எம்பக்கமா, எம்பக்கமா மட்டும். கையோட சேந்து வரட்டும்."

சக்கரம், அதற்குள் கை, கையோடு பிள்ளை, பிள்ளையோடு தாய் என்று எல்லாம் ஒரே உடம்புபோல் ஒரு சாண் நகர்ந்து வந்தன. முத்துப்பேச்சி தரையில் குப்புறப் படுத்துச் சக்கரத்தின் பின்பக்கம் பார்த்தாள். மடங்கிய முழங்கை இப்போது வெட்டவெளியில் இருந்தது. அதை மறித்துக்கொண்டிருந்த பிரேக் காரோடு நின்றுவிட்டது. டேனியல் எண்ணெயை ஊற்றி, முழங்கையை மெல்ல நேராக்கி, தோள் பக்கமாகத் தள்ளினான்.

கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூட்டம் சைரன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடியது. பிரதீப் காரிலிருந்து இறங்கியவன் அப்படியே தார்ரோட்டில் உட்கார்ந்தான்.

முத்துப்பேச்சி சக்கரத்தைத் தூக்கி மாட்டினாள். ஒரு நட்டை எடுத்து போல்ட்டின் வாயில் வைத்தாள். ஏறவில்லை. திரும்ப வைத்தாள். நட்டு நழுவிக் கீழே விழுந்தது. ஒரு நாளைக்கு இருபது சக்கரம் மாட்டுகிற கை.

"விடுங்க்கா" என்றான் பிரதீப். "இந்த வண்டி இப்படியே நிக்கட்டும்."

அன்று சாயங்காலம் குருசாமி டூட்டி முடிந்து வந்தபோது அவள் கடையைத் திறந்து போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் அந்த டியூப் மிதந்துகொண்டே இருந்தது. வீடியோ அதற்குள் அவனுடைய கம்பெனி வரை போயிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியா?"

"கார்க்காரரு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாரு. முழங்கை எலும்புல கீறலாம். ரத்த ஓட்டம் வந்துருச்சாம்."

"வந்துருச்சுல்லா."

"கீறல் பிள்ளை இழுத்ததுல விழுந்ததா, நான் அடிச்சதுல விழுந்ததான்னு கேட்டேன். டாக்டருக்கே தெரியாதாம்."

குருசாமி எழுந்துபோய், அவள் அள்ளிக்கொண்டு வந்து தரையில் கொட்டியிருந்த சாக்கெட்டுகளை இடது கையால் பொறுக்கிப் பெட்டிக்குள் அடுக்கினான். பெட்டியை அலமாரிக்கு அடியில் தள்ளவில்லை. மேல்தட்டில் வைத்தான்.

ஒரு மாதம் கழித்து, மாவுக்கட்டு பிரித்த மறுநாள், தமிழ்மதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் இருந்தன.

"அத்தைக்கு வணக்கம் சொல்லு, கண்ணு. இவங்கதான் உன்னையக் காப்பாத்தினாங்க."

பூங்குழலி முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. சத்தமே இல்லாமல் நழுவி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தமிழ்மதிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "தப்பா நெனைச்சுக்காதீங்க்கா. சுத்தியல் சத்தம் எங்க கேட்டாலும் இப்படித்தான் பண்றா. நான் எவ்வளவோ சொல்லிட்டேனுங்க."

"இருக்கட்டும் தாயி. அடிச்சது நாந்தான? அதுக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

அவள் பிள்ளையின் பக்கம் நெருங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். அம்மாவின் சுடிதாரைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை கொத்தாகப் பற்றியிருந்தது. மாவுக்கட்டுக்குள் இருந்து வெளுத்துப்போன அதே கைதான். ஐந்து விரலும் துணியைக் கசக்கி, இறுக்கிப் பிடித்திருந்தன.